அளந்த சேவையும் அளக்காத முடிவும்: தமிழக இனப்பெருக்க நல, பாலினச் சமத்துவத் திட்ட மதிப்பீடுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

1980 முதல் பன்னாட்டு நிதியுதவியுடன் தமிழகத்தில் நடைபெற்ற பெண்கள் நலத் திட்டங்கள், மருத்துவச் சேவையின் பரவலை நன்கு அளந்துள்ளன. அச்சேவையைப் பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார் என்பதை அவை போதிய அளவு ஆராயவில்லை. முன்னதில் கண்ட உயர்வைப் பின்னதற்கும் சான்றாகக் கொள்ளும் போக்கை இக்கட்டுரை மறுக்கிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டப் பகுதியில் நிகழ்ந்த ஆய்வுகளும், அதே பகுதியைச் சேர்ந்த செவிலிமேட்டு நெசவுக் குடும்பத்தின் உழைப்பு அமைப்பும் இதற்குக் களமாகின்றன.

திறவுச்சொற்கள்: இனப்பெருக்க நலம், பாலினச் சமத்துவம், மதிப்பீடு, கெய்ரோ மாநாடு, கர்ப்பத்தடை, செவிலிமேடு.

முன்னுரை

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், வந்தவாசி செல்லும் சாலை பாலாற்றைக் கடக்குமிடத்தை ஒட்டி அமைந்தது செவிலிமேடு. இராமாநுசர் சாலைக் கிணற்று நீரை வரதராசருக்குச் சுமந்த வரலாற்றால் வைணவ மரபு அறிந்த ஊர். தறிகளால் பட்டு வணிகம் அறிந்த ஊர். முன்பு தனிப் பேரூராட்சியாக இருந்து இன்று மாநகராட்சியின் பகுதியாகிவிட்ட இவ்வூரில் ஒரு பெண் கருவுற்றால், சுகாதாரச் செவிலியர் அவரைப் பதிவு செய்து 'பிக்மி' எண் பெற்றுத் தருவார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அவ்வெண் தேவை. 'பிக்மி' என்னும் சுருக்கப் பெயரின் விரிவில் 'கண்காணிப்பு', 'மதிப்பீடு' ஆகிய இரண்டு சொற்களும் இருக்கின்றன. தமிழகத்தில் ஒரு கரு உருவானதும் அது மதிப்பீட்டுக்குரிய தரவாகவும் ஆகிவிடுகிறது.

அப்பதிவின் நோக்கம் பாதுகாப்பான பிரசவம். எடை, இரத்த அளவு, தடுப்பூசி, பிரசவ இடம் ஆகியவை அதற்குப் போதும். அக்கருவுறுதல் யாருடைய விருப்பத்தால் நேர்ந்தது என்பது அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. செவிலியரின் பதிவேட்டில் இது இல்லாமை குறையாகாது. பாலினச் சமத்துவத்தையும் வளர்த்ததாகக் கூறிக்கொள்ளும் ஒரு திட்டத்தின் மதிப்பீட்டில் இல்லாதபோதே அது குறையாகிறது.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வது முறை. மாதிரிப் பதிவு முறையின் 2018-20 கணக்குப்படி, ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தனர்; தமிழகத்தில் 54. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. மொத்தக் கருவள வீதம் 1.8. பிரசவத்தில் இறவாதிருத்தல் ஏனைய உரிமைகள் எல்லாவற்றுக்கும் முந்தையது. இச்சாதனையைச் சிறுமைப்படுத்தும் எந்தத் திறனாய்வும் நேர்மையானதாகாது.

ஆனால் அதே ஆய்வின் வேறு பக்கங்கள் வேறு செய்தியைத் தருகின்றன. மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவிலேயே நிற்கிறது. பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை வழி நிகழ்ந்தவை. மணமான பெண்களுள் மூவரில் ஒருவருக்கு மேல் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கின்றனர். சிறந்த சேவையும் இந்நிலையும் ஒரே மாநிலத்தில், ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒரே வீட்டில் நிலவுகின்றன. முதலாவது இரண்டாவதைத் தானே நீக்கிவிடும் என்பது பல திட்ட வரைவுகளின் சொல்லப்படாத எடுகோள்.

சொற்களில் தங்கிய வரலாறு

இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக 1952-இல் தொடங்கியது. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாய அறுவைகளுக்குப் பின் 1977-இல் அதன் பெயர் 'குடும்ப நலம்' என்று மாறியது. மக்கள் வழக்கு மாறவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் ஒரு பெண் 'குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாள்' என்றால், இரண்டாம் பிரசவத்தை ஒட்டி அவளுக்கு அறுவை செய்யப்பட்டது என்றே பொருள். ஒரு கொள்கையின் பெயர் ஓர் அறுவையின் பெயராகச் சுருங்கிவிட்டது. மாத்திரை, ஆணுறை, இடைவெளி, மறுத்தல் எதுவும் அச்சொல்லுக்குள் வருவதில்லை. கள ஆய்வாளர் வினாநிரலில் 'குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள்' என்று மொழிபெயர்த்துக் கேட்கும்போது, கேட்கப்படுபவரின் செவியில் விழுவது 'ஆபரேஷன்' என்பதே. இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளாத புள்ளிவிவரம் தொடக்கத்திலேயே பிழைபடுகிறது.

1994-இல் கெய்ரோவில் கூடிய மக்கள்தொகை, வளர்ச்சி குறித்த பன்னாட்டு மாநாட்டில் 179 நாடுகள் ஏற்ற செயல்திட்டம், குழந்தை பெறுவதா, எப்போது, எத்தனை என்பவற்றை முடிவு செய்யும் உரிமையை இனப்பெருக்க நலத்தின் உள்ளடக்கமாகவே வரையறுத்தது. அதைத் தமிழில் கொண்டுவந்த 'இனப்பெருக்க நலம்' என்னும் தொடர், தாவரத்துக்கும் விலங்குக்கும் பொதுவாகப் பாடநூலில் வழங்கும் உயிரியல் சொல்லின் மேல் எழுப்பப்பட்டது. அதில் இனம் இருக்கிறது, பெருக்கம் இருக்கிறது. முடிவு செய்யும் ஆள் இல்லை. 'மகப்பேறு' என்னும் பழஞ்சொல்லிலாவது பெறுபவள் ஒருத்தி உண்டு. 'அதிகாரமளித்தல்' என்பதும் இவ்வாறே. அளித்தல் என்னும் வினைக்கு எழுவாய் வேறெங்கோ இருக்கிறது. பெண் அதில் நான்காம் வேற்றுமையில் நிற்கிறாள். ஈழத்து வழக்கில் 'வலுவூட்டல்', 'பால்நிலைச் சமத்துவம்' என்பன பயில்கின்றன. 'பால்நிலை' என்பது பிறப்பால் அமைந்த பாலையும் சமூகம் வகுத்த நிலையையும் பிரித்துக் காட்டும் அளவில், நம் 'பாலின'த்தை விடக் கூர்மையானது. அதனைத் தமிழக ஆய்வுலகம் எடுத்தாளாதது வியப்புக்குரியது.

இலக்கு நீங்கிய ஆண்டு

கெய்ரோவுக்குப் பின் இந்தியா எடுத்த முதன்மையான நடவடிக்கை, கருத்தடை இலக்குகளைக் கைவிட்டது. நாடு முழுவதும் 1996 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது; தமிழகமும் கேரளமும் ஓராண்டு முன்பே இதற்குள் கொண்டுவரப்பட்டன. பன்னாட்டு நிறுவனங்கள் இதனைப் பெரும் திருப்பமாகப் பாராட்டின. தாளில் அது திருப்பமே.

அதே 1995-இல் அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் சென்னையிலும் அதன் தெற்கே, அன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரைப் பகுதியிலும் பிரசவம் குறித்துக் களப்பணி செய்தார். அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் காப்பர்-டி பொருத்துவது வழக்கமான நடைமுறையாகியிருந்ததையும், பல பெண்களிடம் உரிய ஒப்புதல் பெறப்படாததையும் அவர் 1998-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 2003-இல் வெளிவந்த அவரது நூலிலும் இது விரிவாக இடம்பெறுகிறது. இலக்கு என்னும் சொல் சுற்றறிக்கையிலிருந்து நீங்கியபோதும் மேலதிகாரியின் மாதாந்திரக் கூட்டத்திலிருந்து நீங்கவில்லை. அறுவையை ஏற்காதவளுக்கு வளையமாவது என்பது ஊழியரின் நடைமுறை ஞானமாகிவிட்டிருந்தது.

இங்கே மதிப்பீட்டு முறைக்கு ஒரு பாடம் உள்ளது. கருத்தடைப் பயன்பாட்டு விழுக்காட்டில், விரும்பிப் பெற்ற காப்பர்-டியும் அறியாமல் பெற்ற காப்பர்-டியும் ஒரே எண். ஒரு குறியீட்டெண் உரிமை காக்கப்பட்டாலும் உயர்ந்து, உரிமை மீறப்பட்டாலும் உயருமானால், அதனை உரிமையின் அளவுகோலாகப் பயன்படுத்த இயலாது. பிரசவ அறையில் பல மாதங்கள் இருந்த ஒருவர் கண்டதை, திட்ட மதிப்பீட்டுக் குழுவின் சில வாரப் பயணம் கண்டிருக்க வாய்ப்பில்லை என்பதும் கருதத்தக்கது.

யாருடைய வெற்றி

உலக வங்கியின் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், பன்னாட்டு அளவில் மிகுதியாக எடுத்துக்காட்டப்பட்ட திட்டங்களுள் ஒன்று. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, தேவைப்பட்டோருக்கு மட்டும் உணவு வழங்கும் அதன் முறை பின்னர் வங்கதேசத்துக்கும் சென்றது. ஆனால் 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதும், எந்த மாற்றம் எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது மதிப்பீட்டாளருக்குக் கடினமாயிற்று. மருந்துக் கொள்முதலுக்கென்று தனிக் கழகம், பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித்துறை, ஏழைக் கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை (2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, பின்னர் 18,000) ஆகியனவும் இத்தகையன. மாநிலத்தின் அரசியலும் நிர்வாகமும் விளைவித்ததைத் திட்ட நிறைவறிக்கைகள் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கம் புதிதன்று. இதனை விரித்துரைக்க இங்கு இடமில்லை. தமிழகத்தின் நற்பெயர் பிற நாடுகளில் ஒரு திட்ட முறைக்குச் சான்றாகக் காட்டப்படும்போது இந்த ஐயம் உடன் செல்வது நல்லது.

கருக்கலைப்புக்கு 'ஆம்'

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1981-இல் தலித் பெண்களுடன் இணைந்து டி.கே. சுந்தரி ரவீந்திரன் நிறுவிய கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம், பெண்ணுடல் குறித்த உரையாடலைச் சேரியிலிருந்து தொடங்கிய அமைப்பு. வயதுவந்தோர் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய உள்ளூர்ப் பெண்களே அதன் முதல் உறுப்பினர்கள். அவ்வமைப்பின் பணிச்சூழலிலிருந்து சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்பிரமணியனும் 2004-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். தமிழகக் கிராமப்புற மணமான பெண்கள் கருக்கலைப்புக்கு 'ஆம்' என்னும் இசைவைப் பெறுகின்றனர், பாலியல் உரிமைக்கு 'இல்லை' என்னும் மறுப்பையே பெறுகின்றனர் என்னும் முரணே அக்கட்டுரையின் தலைப்பு.

அதன் கண்டறிதல், ஒரு தலைமுறைக் கால மதிப்பீட்டு அறிக்கைகளை மறுவாசிப்புக்கு உள்ளாக்க வல்லது. பெண்கள் கருக்கலைப்பை நாடியதன் பின்னணியில் இருந்தது, கணவரின் உடலுறவு வேட்கையை மறுக்க இயலாமை. இளைய தலைமுறையிலும் மூத்த தலைமுறையிலும் இதுவே நிலை. கருவைக் கலைக்கக் கணவர் இசைந்தார். கருவுண்டாகாமல் தடுக்கும் பொறுப்பில் பங்கேற்க இசையவில்லை. மனைவி மறுப்பதை ஒப்பவே இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் இப்பெண் 'பாதுகாப்பான கருக்கலைப்புச் சேவை பெற்றவர்'. இனப்பெருக்க உரிமைத் திட்டமொன்றின் அறிக்கையில் அவர் ஒரு வெற்றி. அச்சேவை வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது இல்லாவிடில் அவர் உயிருக்கே கேடு. ஆயினும் அவர் அங்கு வரநேர்ந்த காரணம், அத்திட்டம் மாற்றப் புகுந்த பாலின உறவு சற்றும் மாறாமையே.

பெண்ணுக்கு மாற்றுவழி இருந்ததா, அவ்வழி அவள் அறிவுக்கு எட்டியதா என்பவற்றை அறியாமல், பெறப்பட்ட பயனை மட்டும் கொண்டு அவளது செயலாண்மையை முடிவு செய்யலாகாது என நைலா கபீர் 1999-இல் வாதிட்டார். அவ்வாதத்துக்கு இச்செங்கற்பட்டு ஆய்வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனத்தின் வளர்ச்சி உதவிக் குழு 1991-இல் வகுத்த பொருத்தம், பயன்விளைவு, திறன், தாக்கம், நிலைத்தன்மை என்னும் ஐந்து அளவுகோல்களே இன்றும் பன்னாட்டு மதிப்பீடுகளின் சட்டகம். 2019-இல் ஆறாவதாக இசைவு சேர்க்கப்பட்டது. பாலினச் சமத்துவம் தனி அளவுகோலாகவில்லை. ஏனையவற்றைப் பயன்படுத்துகையில் கருத்தில் கொள்ளவேண்டியதாகவே நிற்கிறது. எல்லாவற்றிலும் கலந்திருக்கும் என்று விடப்படுவது எதிலும் தேடப்படாமல் போவது அலுவலக இயல்பு.

தறிக்குழியின் அருகில்

செவிலிமேட்டு நெசவு வீட்டை இந்த அளவுகோல்களுடன் அணுகினால் அவற்றின் போதாமை மேலும் புலப்படும். காஞ்சிப் பட்டின் கோர்வை முறையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு இணைவதால், தறியில் அமர்ந்தவருடன் இன்னொருவரும் தேவை. முற்காலத்தில் அவ்விடத்தில் பெரும்பாலும் சிறுவர் அமர்ந்தனர். மற்ற வேளைகளில் மனைவி. தார் சுற்றுதல், இழை முடிதல், பாவு விரிக்கையில் உடன் நிற்றல் ஆகியவையும் அவளுடையனவே. கூலி புடவைக்குக் கணக்கிடப்படுகிறது. தறிக்கு உரியவர் கணவராயின் கணக்கும் அவர் பெயரில் எழுதப்படுகிறது. இரண்டு உடல்களின் உழைப்பு ஒரு பெயரில் வரவாகிறது.

அப்பெண் கருவுற்றபின் எந்த மாதம்வரை குழித்தறியின் மிதியை மிதித்தாள், யார் சொல்லி நிறுத்தினாள், நிறுத்தியதால் குறைந்த வருவாயை யார் பொறுத்தார் என்பன இனப்பெருக்க நலமும் பாலினச் சமத்துவமும் ஒன்றையொன்று தொடும் இடங்கள். திட்டங்களோ இவ்விரண்டையும் வெவ்வேறு துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்துள்ளன. நலம் சுகாதாரத் துறைக்கு. சமத்துவம் மகளிர் மேம்பாட்டுக் கழகத்துக்கு. தறி கைத்தறித் துறைக்கு. ஒரே பெண் மூன்று கோப்புகளில் மூன்று பயனாளியாகிறாள்.

சமத்துவத்துக்கான கோப்பும் ஆராயத்தக்கது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம், சுய உதவிக் குழுக்களை மாநிலத்துக்கு அறிமுகப்படுத்தி, பின்னர் அரசின் 'மகளிர் திட்ட'மாக விரிந்தது. பெண்கள் வங்கிப்படி ஏறியதும் அதிகாரியிடம் நேர்நின்று பேசியதும் உண்மையான மாற்றங்கள். எனினும் இவ்வகைத் திட்டங்களின் பெருமிதச் சான்றாக நாளடைவில் நிலைபெற்றது கடன் திருப்பிச் செலுத்தும் விழுக்காடு. நெசவு வீட்டில் மனைவியின் பெயரில் பெற்ற குழுக்கடன் சரிகை வாங்கப் போயிற்றா, மாமனாரின் மருத்துவத்துக்குப் போயிற்றா என்பதை அவ்விழுக்காடு சொல்லாது. தவணை கட்டப்பட்டதற்காக மேலும் எத்தனை தார் சுற்றப்பட்டது என்பதையும் சொல்லாது. இந்தக் குழுக்களில் கடனை உரிய நாளில் திருப்புவதற்கான ஒழுங்குபடுத்தலே பெண்களின் கூடுதல் வேலையாகிவிடுவதைக் கல்பனா கருணாகரன் போன்றோரின் தமிழக ஆய்வுகள் முன்பே கவனப்படுத்தியுள்ளன.

உள்ளூர் அளவுகோல் ஒன்று

மாற்று அளவுகோலைத் தேடி வெளியே செல்லவேண்டிய தேவை தமிழ் ஆய்வாளருக்கு இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும், ஒவ்வாத மணவாழ்விலிருந்து விலகும் உரிமையும் வேண்டித் தீர்மானித்தது. அதனையடுத்த காலத்தில் பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை குறித்து எழுதியவை பின்னர் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இடம்பெற்றன. அவ்வெழுத்தின் தனித்தன்மை, கர்ப்பத்தடையை ஆதரித்ததில் மட்டும் இல்லை. தாயின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் மக்கள்பெருக்கம் ஆகிய காரணங்களுக்காக அதை ஆதரித்தோர் அன்று பலர் இருந்தனர். அவர்களின் காரணங்களிலிருந்து தம் காரணத்தை அவர் வெளிப்படையாகப் பிரித்தார். அவருக்கு அது பெண்ணின் விடுதலைக்கு உரியது.

ஒரே செயலுக்குப் பின்னுள்ள காரணங்களைப் பிரித்தறிவது மதிப்பீட்டின் அடிப்படை வினா. கருத்தடை பரவியது என்பது மூவகைக் காரணத்துக்கும் பொதுவான விளைவு. பெண்ணின் விடுதலைக்காகப் பரவியிருப்பின், அறுவைச் சுமை முழுதும் அவள்மேல் விழுந்திருக்காது; மணமாகி இரு குழந்தை பெற்றபின் மட்டுமே அவளுக்கு அது வழங்கப்பட்டிருக்காது; மணமாகாதவளும் அதைக் கூச்சமின்றிக் கேட்டிருக்க இயலும். மக்கள்தொகைக் காரணத்துக்காகப் பரவியிருப்பின் எப்படி இருக்குமோ, ஏறத்தாழ அப்படியே இன்றைய புள்ளிவிவரம் இருக்கிறது. பெரியாரின் கருத்துவழி வந்த அரசுகள் ஆண்ட மாநிலத்திலும் திட்டம் அவருடைய காரணத்தை விட்டு மற்ற இரண்டையே பின்பற்றியது என்பது திராவிட இயக்க ஆய்வுகளில் போதிய அளவு விவாதிக்கப்படாத செய்தி. கெய்ரோ ஆவணத்தை மேலைநாட்டு இறக்குமதி என்று கருதுவோரும், அதுவே எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று எழுதும் அறிக்கைகளும் இந்த முன்வரலாற்றை ஒருசேரப் புறந்தள்ளுகின்றன.

எண்ணுடன் பிணைந்த பணம்

2019-இல் உலக வங்கி 28.7 கோடி டாலர் கடனுடன் தமிழ்நாடு சுகாதார அமைப்புச் சீர்திருத்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பராமரிப்பின் தரம், தொற்றா நோய்கள் ஆகியவற்றுடன், இனப்பெருக்க, குழந்தைகள் நலச் சேவைகளில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் அதன் நோக்கம். முந்தைய திட்டங்களுக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: குறிப்பிட்ட குறியீட்டெண்கள் எட்டப்பட்டதைச் சரிபார்த்த பின்னரே பணம் விடுவிக்கப்படும். முன்பு மதிப்பீடு திட்டத்தின் இறுதியில் வந்தது. இப்போது ஒவ்வொரு தவணையின் வாயிலிலும் நிற்கிறது. ஆகவே எதை எண்ணுவது என்னும் தேர்வின் எடை முன்னைவிடக் கூடிவிட்டது. எண்ணத்தக்கதே செய்யப்படும்.

ஏற்றத்தாழ்வை மாவட்டங்களுக்கு இடையில் தேடுவதும் இத்தகைய தேர்வே. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே திருப்பெரும்புதூர்த் தொழிற்பட்டையின் விடுதிகளில் தங்கிப் பணியாற்றும் இளம்பெண்களும் செவிலிமேட்டுத் தறிவீட்டுப் பெண்களும் வாழ்கின்றனர். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் மணமான பெண்கள் பணிக்குத் தவிர்க்கப்படுவதாக 2024 சூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கோரியது. கருவுறும் வாய்ப்பே வேலைக்குத் தடையாகும் என்றால், அது இனப்பெருக்க நலச் செய்தியே. மாவட்டச் சராசரியில் அது எங்கும் தென்படாது.

இத்திட்டங்களின் நிறைவறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் எண்ணப்பட்ட பெண்கள் தம்மைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்க வழியில்லை. ஆகவே மறுக்கவும் வழியில்லை. தமிழக நகராட்சிச் சட்ட விதிகளின்படி 2022 முதல் மாநகராட்சிகளில் வட்டக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்படுகின்றன. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர் பற்றி அங்கே தெருக்காரர்கள் கேள்வி எழுப்ப இயலும். செவிலிமேட்டுப் பகுதி சபையில், அவ்வூர்ச் சுகாதார நிலையத்தின் ஓராண்டுக் கருத்தடைக் கணக்கும் அறுவைப் பிரசவக் கணக்கும் ஆண், பெண் பிரித்துத் தமிழில் வாசிக்கப்பட்டு, தறிவீட்டுப் பெண்கள் அதன்மேல் கேட்கும் வினாக்கள் கூட்டக் குறிப்பில் எழுதப்படுமானால், அக்குறிப்பேடு எந்த மதிப்பீட்டுக் குழுவிடமும் இதுவரை இல்லாத ஒரு மூல ஆவணமாக அமையும்.